ஒன்பது சமையலறைகளும் ஒரு நீராவிப் படகும்

முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களைப் பற்றிப் படிக்கப் புகும் எவரும் முதலில் போய் நிற்கும் இடம் பிரைட்டன். இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள கடற்கரை நகரம். நான்காம் ஜார்ஜ் மன்னர் இளவரசராக இருந்த காலத்தில் கட்டத் தொடங்கிய ராயல் பெவிலியன் என்ற உல்லாச மாளிகை அங்கே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கும்மட்டங்களும் மினார்களுமாக முகலாயர் கட்டியது போலிருக்கும். உள்ளே போனால் சீன நாகங்கள் சரவிளக்குகளைத் தாங்கிக்கொண்டிருக்கும். இந்தியாவையோ சீனாவையோ ஒருநாளும் பார்த்திராத ஒருவர் கண்ட கனவு அது. 1914 டிசம்பரில் அந்த மாளிகையும் அதை ஒட்டிய டோம், கார்ன் எக்ஸ்சேஞ்ச் கட்டடங்களும் எழுநூறு கட்டில்களுக்கு மேல் கொண்ட ராணுவ ஆஸ்பத்திரியாக மாறின.

மாளிகையின் பெரிய சமையற்கூடத்தை அறுவைசிகிச்சைக் கூடமாக்கினார்கள். சமையல் வெளியே போயிற்று. ஒன்றல்ல, ஒன்பது சமையலறைகள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சீக்கியருக்கும் தனித்தனி. அதற்குள்ளும் இறைச்சி உண்போருக்கு வேறு, உண்ணாதோருக்கு வேறு. ஆட்டை வெட்டும் முறையிலும் அந்தந்த மதத்தாரின் வழக்கத்தைக் காப்பாற்றினார்கள். தண்ணீர்க் குழாய்கள் இந்துவுக்கு ஒன்று, முஸ்லிமுக்கு ஒன்று. அறிவிப்புப் பலகைகள் உருது, இந்தி, குர்முகி எழுத்துகளில் இருந்தன. சீக்கியருக்குத் தோட்டத்தில் கூடாரம் அடித்துக் குருத்வாரா அமைத்தார்கள். முஸ்லிம்கள் தொழ, மக்காவை நோக்கிய கிழக்குப் புல்வெளியை ஒதுக்கினார்கள்.

அந்தப் பலகைகளில் தமிழ் இல்லை. தெலுங்கும் இல்லை. 1914 செப்டம்பர் இறுதியிலிருந்து பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் வந்து இறங்கிய லாகூர், மீரட் டிவிஷன்களில் மெட்ராஸ் மாகாணத்து ஆட்கள் அரிது. மெட்ராஸ் ராணுவத்தின் தளபதியாக 1881 முதல் 1885 வரை இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய்க்குப் போர்க்குணம் போதாது என்று தீர்மானித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஆள்சேர்ப்பு முழுவதும் ‘போர்ச் சாதிகள்’ என்ற கணக்கில் பஞ்சாபையும் எல்லைப்புறத்தையும் நேபாளத்தையும் நோக்கித் திரும்பியது. மெட்ராஸ்காரர்கள் வேறு இடங்களில் வருவார்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

ஒன்பது சமையலறைகள் வெறும் கருணையில் எழுந்தவை அல்ல. சிப்பாயின் சாப்பாட்டிலும் உடுப்பிலும் கைவைத்தால் என்ன நடக்கும் என்பதை ஆங்கிலேயர் இரண்டு முறை பார்த்திருந்தார்கள். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் தலைப்பாகையும் அதிலிருந்த தோல் பட்டையும் ரத்தம் சிந்த வைத்தன. 1857இல் தோட்டாவில் தடவிய கொழுப்பு. அந்த அச்சம் ராணுவத்தின் எலும்பில் ஊறியிருந்தது. போதாக்குறைக்கு 1914 நவம்பரில் துருக்கி சுல்தான் ஜிஹாத் அறிவித்திருந்தார். முஸ்லிம் சிப்பாய்களை ஆங்கிலேயர் முறைப்படி அடக்கம் செய்வதில்லை என்று ஜெர்மானியர் பரப்பிய செய்திக்குப் பதிலாகவே வோக்கிங்கில் ஷாஜகான் பள்ளிவாசலுக்கு அருகே தனி மயானம் எழுந்தது. பிரைட்டனில் இறந்த இந்துக்கள், சீக்கியர் 53 பேரை ஊருக்கு வெளியே பேட்சம் குன்றில் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் நிற்கும் ‘சத்ரி’ நினைவு மண்டபத்தை 1921 பிப்ரவரி 1 அன்று வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார்.

காயம்பட்ட இந்தியர்களைக் கவனிக்கப் போர் அமைச்சர் கிச்சனர் பிரபு நியமித்த ஆணையர் சர் வால்டர் லாரன்ஸ், இந்திய நிர்வாகத்தில் ஊறியவர். ஆஸ்பத்திரிகளில் நடக்கும் ஒவ்வொன்றும் ஊரில் எப்படிப் பேசப்படும் என்பதிலேயே அவருக்குக் கண். மன்னர் தம் சொந்த அரண்மனையைக் காலி செய்து சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டார் என்ற நம்பிக்கை பரவியதை யாரும் மறுக்கவில்லை. உண்மையில் அந்த மாளிகையை விக்டோரியா மகாராணி 1850இலேயே பிரைட்டன் நகரசபைக்கு விற்றுவிட்டார். நகரசபை அதன் படங்களோடு ஆங்கிலத்திலும் உருதுவிலும் குர்முகியிலும் ஒரு சிறுநூல் அச்சிட்டது. சரவிளக்குகளுக்குக் கீழே வரிசையான கட்டில்களும், வெள்ளைப் போர்வைக்குள் தலைப்பாகையோடு சாய்ந்திருக்கும் சிப்பாய்களுமாகத் தபால் அட்டைகள் வெளிவந்தன. நாம் இன்று முதல் உலகப் போரின் இந்தியக் காயம் என்றதும் நினைவுகூரும் படங்கள் பெரும்பாலும் இவைதாம்.

இதைச் சொல்வதால் அங்கே கிடைத்த சிகிச்சை போலி என்று ஆகிவிடாது. பிரைட்டனில் மட்டும் ஏறத்தாழ 12,000 இந்தியர்கள் சிகிச்சை பெற்றார்கள். இறந்தவர்கள் மிகச் சிலர். அன்றைய மருத்துவத்துக்கு அது நல்ல கணக்கு. லண்டனில் 1914 அக்டோபரில் தொடங்கிய இந்தியச் சிப்பாய்கள் நிதி என்ற அமைப்பு, பிராக்கன்ஹர்ஸ்ட்டில் லேடி ஹார்டிஞ்ச் பெயரில் ஓர் ஆஸ்பத்திரியையே நடத்தியது. கம்பளி உடுப்பு, இனிப்பு, கிராமபோன் மட்டுமல்லாமல் சீக்கியருக்கு வேண்டிய சீப்பும் இரும்பு வளையும், இந்துக்களுக்கான பூணூலும், வேதநூல்களும்கூட வாங்கி அனுப்பியது. ஜெர்மனியில் சிறைப்பட்டிருந்த இந்தியர்களுக்கு அவரவர் உணவுப் பழக்கம் பார்த்துப் பொட்டலம் கட்டியது. இதைச் செய்தவர்களில் பலர் உள்ளன்போடுதான் செய்தார்கள். அரசின் கணக்கும் தனிமனிதரின் இரக்கமும் ஒரே வார்டில் அருகருகே இருக்க முடியும்.

ஆனால் அதே ஊரில், மாளிகையிலிருந்து சற்றுத் தள்ளி, ஏழைகள் விடுதியாக இருந்த கட்டடத்தில் நடந்த கிச்சனர் இந்திய ஆஸ்பத்திரி தபால் அட்டைகளில் அவ்வளவாக வருவதில்லை. பிரைட்டனில் பெரிய ஆஸ்பத்திரி அதுதான். அதன் பொறுப்பாளர் கர்னல் புரூஸ் சீட்டன் சுவர்களில் முள்கம்பி பதித்தார். நோயாளிகளும் பணியாளர்களும் ஊருக்குள் போகக் கட்டுப்பாடு விதித்தார். வெள்ளைக்காரப் பெண்களோடு பழகிவிடுவார்களே என்பது கவலை. அரண்மனைத் தோட்டத்தில் சிப்பாயைப் பார்க்கக் கூட்டம் கூடலாம், அவன் வெளியே வரக்கூடாது. கொதித்துப்போன ஓர் இந்தியத் துணை மருத்துவர் சீட்டனைச் சுட முயன்று ஏழாண்டு கடுங்காவல் பெற்றார். ஆங்கிலேயச் செவிலியர் இந்தியச் சிப்பாயின் கட்டிலருகே நிற்கும் படம் ஒன்று பத்திரிகையில் வந்ததும், இந்திய ஆஸ்பத்திரிகளிலிருந்து செவிலியரை விலக்கப் போர் அலுவலகம் முனைந்தது. காயத்தைக் கழுவும் கை எந்த நிறத்தில் இருக்கலாம் என்பதும் போர்க்கால முடிவுகளில் ஒன்றாக இருந்தது.

சீட்டனைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். போர்முனையிலிருந்து தப்பிக்க இந்தியர்கள் தங்கள் கையையே சுட்டுக்கொள்கிறார்கள் என்ற சந்தேகம் தளபதிகளிடையே பரவியபோது, தன் ஆஸ்பத்திரிக்கு வந்த ஆயிரம் காயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து அறிக்கை எழுதியவரும் அவரே. அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்பது அவர் முடிவு. முள்கம்பி போட்டவரும் சிப்பாயின் மானத்தைப் புள்ளிவிவரத்தால் காப்பாற்றியவரும் ஒரே ஆள். வரலாறு படிப்பவர்களுக்கு இந்த மாதிரி ஆட்கள் சங்கடம்தான்.

சிப்பாய்களை உண்மையில் வாட்டியது முள்கம்பியைவிட வேறொன்று. காயம் ஆறினால் மறுபடியும் பதுங்குகுழிக்கு அனுப்பினார்கள். கூலிக்கும் மானத்துக்கும் சேர்ந்த சிப்பாயின் கணக்கில், ரத்தம் சிந்தியவன் தன் கடனைத் தீர்த்தவன். அவன் ஊர் திரும்ப வேண்டும். மேற்கு முனையில் விழுந்த இடங்களை நிரப்ப ஆட்கள் வந்து சேராத நிலையில் ராணுவத்தின் கணக்கு வேறு. 1915 ஏப்ரலில் ஈப்ர அருகே விஷவாயுவுக்கு நடுவே காயம்பட்டவர்களைச் சுமந்து காப்பாற்றிய மீர் தஸ்துக்கு, ஆகஸ்ட் 25 அன்று பெவிலியன் தோட்டத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே விக்டோரியா கிராஸ் அணிவித்தார். ஏதாவது வேண்டுமா என்ற பேச்சு வந்தபோது அந்த ஜமேதார் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. ஒருமுறை காயம்பட்டவனைத் திரும்பவும் போர்முனைக்கு அனுப்ப வேண்டாம் என்றார். விஷவாயு அவரை நெடுங்காலம் விடவில்லை. பதக்கம் நல்லதுதான், நெஞ்சு ஓயவில்லையே என்ற தொனியில் ஊருக்கு எழுதினார்.

இந்தக் கடிதங்கள் நமக்குக் கிடைத்திருப்பதே தணிக்கையால்தான். இந்தியத் தபால்களைப் படிக்க பிரான்சில் ஒரு தணிக்கை அலுவலகம் இருந்தது. அதன் தலைவர் ஹவல், மொழிபெயர்த்த பகுதிகளோடு வாராவாரம் அறிக்கை அனுப்பினார். மூலக் கடிதங்கள் போன இடம் தெரியாது, அறிக்கைகள் தங்கிவிட்டன. தணிக்கை இருப்பது சிப்பாய்களுக்குத் தெரியும். கறுப்பு மிளகு, சிவப்பு மிளகாய் என்று எழுதி இந்தியப் படையையும் வெள்ளையர் படையையும் குறித்தார்கள். கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது என்றால் ஊரில் புரிந்துகொள்வார்கள். தணிக்கைக்காரருக்கும் புரிந்தது. 1915 தொடக்கத்தில் கடிதங்களில் கவிதை அதிகமாகத் தலைகாட்டுவதைக் கண்ட ஹவல், அது மனம் கலங்கியிருப்பதன் கெட்ட அறிகுறி என்று குறித்துவைத்தார். ஒப்பாரி பாடும் மண்ணில் பிறந்தவர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. கம்பெனி கம்பெனியாக மனிதர்கள் உடைந்துகொண்டிருந்ததை மருத்துவர்களுக்கு முன்பே ஒரு தபால் குமாஸ்தாக் கூட்டம் கவனித்துவிட்டது. ஆனால் அந்தக் கவனிப்பு சிகிச்சைக்குப் போகவில்லை, உளவறிக்கைக்குப் போயிற்று.

*

1915 இறுதியில் இந்தியக் காலாட்படையை பிரான்சிலிருந்து எடுத்து மெசபடோமியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஏற்கெனவே பஸ்ராவிலிருந்து டைகிரிஸ் ஆற்றோரமாக பாக்தாத்தை நோக்கி ஓர் இந்தியப் படை போய்க்கொண்டிருந்தது. நவம்பர் 22 அன்று டெசிஃபான் இடிபாடுகளுக்கு அருகே துருக்கியரோடு மோதியதில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தும் காயம்பட்டும் போனார்கள். இத்தனை பேருக்கான மருத்துவ ஏற்பாடு யாரிடமும் இல்லை. ஆம்புலன்ஸ் வண்டிகள் கிடையாது. சுருள்வில் இல்லாத சரக்கு வண்டிகளில், எலும்பு முறிந்தவர்களையும் வயிற்றில் குண்டு பாய்ந்தவர்களையும் அடுக்கி, மைல் கணக்கில் கட்டாந்தரையில் இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரிப் படகும் கிடையாது. சாமான் ஏற்றிய படகுகளிலும், நீராவிப் படகின் இரு பக்கமும் கட்டிய தெப்பங்களிலும் அவர்களைக் கிடத்தினார்கள்.

மேஜர் ராபர்ட் மார்க்கம் கார்ட்டர் என்ற மருத்துவர் அப்போது பஸ்ராவில் வரேலா என்ற ஆஸ்பத்திரிக் கப்பலில் இருந்தார். ‘மெஜிதியா’ என்ற நீராவிப் படகு வருவதைப் பார்த்தார். பக்கவாட்டில் கயிறுகள் தொங்குவது போலத் தெரிந்தது. நெருங்கியபோதுதான் தெரிந்தது, அவை கயிறுகள் அல்ல, மலம். கழிப்பிடம் இல்லாமல், நகர இடமில்லாமல், மறைப்பும் மூடாக்கும் இல்லாமல், ஏறத்தாழ அறுநூறு பேர் இரண்டு வாரம் வரை அப்படியே கிடந்து வந்திருந்தார்கள். முதலில் கட்டிய கட்டோடு புண்கள் புழுத்திருந்தன. அதே சமயத்தில் மேலிடத்துக்குப் போன தந்தியில் காயம்பட்டவர்கள் திருப்தியான நிலையில் வந்துசேர்ந்தார்கள் என்றிருந்தது.

கார்ட்டர் எழுதினார். எழுதியதைத் திரும்பப் பெறச் சொல்லி அதிகாரிகள் மிரட்டினார்கள். கைது செய்வோம் என்றார்கள். அவர் விடவில்லை. முதலில் வின்சென்ட்-பிங்லி குழு, பிறகு லண்டனில் மெசபடோமியா விசாரணைக் குழு. 1917 ஜூனில் அறிக்கை வெளியானதும் இந்தியாவுக்கான அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லின் பதவி விலகினார். இந்திய அரசு போர்ச் செலவைச் சுருக்கியது, மருத்துவத் துறை தன் குறையைச் சொல்லப் பயந்தது, கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது என்று கேட்காமலே இருந்தது என்பவை அதில் வந்த செய்திகள். விசாரணை நடந்துகொண்டிருந்த 1916இன் பிற்பாதியிலும், காய்கறி இல்லாத ரேஷனால் ஸ்கர்வி நோய் கண்டு படையை விட்டு விலகிய இந்தியர்கள் பதினோராயிரத்துக்கு மேல். எலுமிச்சையும் கீரையும் தடுத்துவிடும் நோய் அது.

பிரைட்டனுக்கும் பஸ்ராவுக்கும் இடையில் ஓராண்டு கூட இல்லை. ராணுவம் ஒன்று, சிப்பாய் ஒன்று, மருத்துவர்கள் ஒரே இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்தவர்கள். ஒன்பது சமையலறை கட்டத் தெரிந்த அரசுக்கு ஒரு கழிப்பிடம் கட்டத் தெரியாமல் போனதற்கு அறியாமை காரணமில்லை. பிரைட்டனில் பத்திரிகைக்காரர் இருந்தார், மன்னர் வந்தார், ஜெர்மானியர் காதில் விழும் தூரத்தில் இருந்தார்கள். டைகிரிஸில் பார்ப்பவர் இல்லை. காயம்பட்டவனுக்குக் கிடைத்த ஆதரவு அவன் காயத்தின் ஆழத்தைப் பொறுத்ததாக இல்லை. அதை யார் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்திருந்தது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அவ்வளவுதான்.

பொதுமக்களின் பணம் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது. மெட்ராஸ் மாகாணம் போர் நிதி திரட்டி, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் ‘தாண்டா’ என்ற புதுக் கப்பலை ஆஸ்பத்திரிக் கப்பலாக்கி ‘மெட்ராஸ்’ என்று பெயரிட்டு நடத்தியது. எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது இன்றைக்கும் நம் பேச்சில் இருக்கிறது. அதே ஊர் காயம்பட்டவர்களுக்காகக் கடலில் விட்ட கப்பலை அநேகமாக யாருக்கும் தெரியாது. குண்டு போட்டவன் பெயர் நிலைத்தது.

*

காயம்பட்டவனைத் தூக்கியவர்கள் யார்? இந்தக் கேள்விதான் தமிழர்களை இந்தக் கதைக்குள் கொண்டுவருகிறது.

1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டபோது, நேட்டாலில் காந்தி ஓர் இந்திய ஆம்புலன்ஸ் படையைத் திரட்டினார். சுமார் 1,100 பேர். ஏறத்தாழ 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். 1860 நவம்பரில் மெட்ராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் போய்ச் சேர்ந்தது தொடங்கி நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் போனவர்களில் பெரும்பங்கு தமிழரும் தெலுங்கரும் என்பதால், அந்த எண்ணூறு பேரில் நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். காயம்பட்டவர்களைத் தூக்குப்படுக்கையில் சுமந்து ஒரே நாளில் இருபது, இருபத்தைந்து மைல் நடந்தார்கள். துப்பாக்கிச் சூடு எட்டும் எல்லைக்குள் போக வேண்டியதில்லை என்பது ஏற்பாடு. ஸ்பியோன் காப் சண்டையில் அந்த எல்லையும் போயிற்று. போர் முடிந்தபின் படைத்தலைவர்களாக இருந்தவர்களுக்குப் பதக்கம் கிடைத்தது. சுமந்தவர்கள் தோட்டத்துக்குத் திரும்பினார்கள்.

1914இல் லண்டனில் காந்தி மறுபடியும் ஒரு ஆம்புலன்ஸ் படை சேர்த்தார். இம்முறை மாணவர்களும் படித்தவர்களும். அவர்களில் ஒரு பகுதியினர் நெட்லி ஆஸ்பத்திரியில் இந்தியச் சிப்பாய்களுக்குப் பணிவிடை செய்தார்கள். அந்த அனுபவம் அவருடைய சுயசரிதையில் இருக்கிறது. நேட்டாலின் எண்ணூறு பேருக்குச் சுயசரிதை இல்லை.

போர் முடிந்தபின் இந்திய அரசு வெளியிட்ட கணக்கின்படி மெட்ராஸ் மாகாணம் சுமார் 51,000 போர்வீரர்களையும் சுமார் 41,000 போரிடாப் பணியாளர்களையும் அனுப்பியது. ஏறக்குறைய சரிபாதி. தூக்குப்படுக்கை சுமப்பவர், சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், சலவைக்காரர், தோட்டி, கழுதை ஓட்டுபவர் என்று ராணுவம் ‘ஃபாலோயர்’ என்ற ஒற்றைத் தலைப்பில் அடைத்தது இவர்களைத்தான். ஆஸ்பத்திரி என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி இவர்கள் உழைப்பு. இவர்களுக்கான சம்பளமும் பென்ஷனும் காயப்படியும் சிப்பாயுடையதைவிடக் குறைவு. மெசபடோமியாவில் ஆள் போதாமல் 1916இன் இறுதியிலிருந்து சிறைக் கைதிகளைக் கூட்டிக்கொண்டு போய்த் துப்புரவும் சுமையும் செய்ய வைத்தார்கள்.

பிராக்கன்ஹர்ஸ்ட்டில் புனித நிக்கோலஸ் தேவாலயத்து மயானத்தில் சுக்கா என்ற ஒருவரின் கல்லறை இருக்கிறது. பரேலியைச் சேர்ந்த துப்புரவுப் பணியாளர். 1915 ஜனவரியில் இறந்தார். தகனத்துக்கு இந்துக்கள் சம்மதிக்கவில்லை, அடக்கத்துக்கு முஸ்லிம்கள் சம்மதிக்கவில்லை, கடைசியில் அந்த ஊர்ப் பாதிரியார் இடம் கொடுத்தார் என்று சொல்கிறார்கள். கல்லறைக் கல்லுக்குப் பணம் கொடுத்தது அந்தத் திருச்சபையார் என்பது கல்லிலேயே பொறித்திருக்கிறது. ஒன்பது சமையலறைகளைக் கட்டிய அதே கவனம், இன்னோர் ஆஸ்பத்திரியைக் கூட்டியவனுக்கு ஆறடி மண்ணைக் கொடுக்க முடியாத ஏற்பாடாகவும் இருந்தது. சாதியை மதிப்பதே அக்கறை என்று வைத்துக்கொண்டால் அக்கறை இப்படித்தான் முடியும். இதில் வெள்ளைக்காரனை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் நகர முடியாது.

*

குடும்பங்களுக்கு வருவோம். இந்தப் பகுதியில் தபால் அட்டை ஒன்றுகூட இல்லை.

போர் தொடங்கியபோது சிப்பாயின் சம்பளம் மாதம் 11 ரூபாய். பிரிட்டிஷ் சிப்பாயின் மனைவிக்கு 1914 அக்டோபரிலிருந்து, கணவன் சம்பளத்தில் பிடித்ததையும் சேர்த்து, வாரம் பன்னிரண்டரை ஷில்லிங் பிரிவுப் படி கிடைத்தது. ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் நாலு பென்ஸ் என்ற அன்றைய மாற்று விகிதத்தில் அது 9 ரூபாய் 6 அணா. அதாவது லண்டனில் குழந்தையில்லாத ஒரு மனைவி ஒரு வாரத்தில் வாங்கியது, பதுங்குகுழியில் இருந்த இந்தியச் சிப்பாயின் மாதச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட நெருங்குகிறது. விலைவாசி வேறு என்று சொல்லலாம். ஆனால் முக்கியமான வேறுபாடு தொகையில் இல்லை. அங்கே மனைவிக்கு அவள் பெயரில் பணம் வந்தது. இங்கே சிப்பாய் தன் சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டுக்கு ஒதுக்கலாம், மணியார்டர் அனுப்பலாம். கூட்டுக் குடும்பத்தில் அந்த மணியார்டர் பெரும்பாலும் தகப்பன் கையிலோ அண்ணன் கையிலோ போய்ச் சேரும். குடும்பத்தை ஊரும் உறவும் பார்த்துக்கொள்ளும் என்பது அரசின் எண்ணம், செலவில்லாத எண்ணம்.

ஊரும் உறவும் அப்போது எப்படி இருந்தன? போரின் கடைசி ஆண்டில் தானிய விலை ஏறியது. 1918 செப்டம்பரில் மெட்ராஸ் நகரத்திலேயே கடைகள் சூறையாடப்பட்டன. மாகாணத்தின் மற்ற ஊர்களிலும் அரிசிக் கலகங்கள் நடந்தன. பின்னாலேயே இன்ஃபுளுயன்சா வந்தது. மணியார்டர் நின்றுபோன வீட்டுக்கு இவை என்ன செய்திருக்கும் என்பதற்குத் தனி ஆவணம் தேவையில்லை.

மணியார்டர் நிற்பதற்குப் பல காரணங்கள். இறந்தால் கடுதாசி வரும். காணாமல் போனால்? 1916 ஏப்ரல் 29 அன்று மெசபடோமியாவின் குத் அல் அமாராவில் ஏறத்தாழ 13,000 பேர் துருக்கியரிடம் சரணடைந்தார்கள்; அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் இந்தியர்கள், சில ஆயிரம் பேர் போரிடாப் பணியாளர்கள். பாலைவனத்தில் நடந்தே போன அந்தக் கைதிகளில் யார் உயிரோடு இருக்கிறார், யார் இல்லை என்பது வீடுகளுக்கு ஆண்டுக்கணக்கில் தெரியவில்லை. மனைவியா விதவையா என்பது தெரியாத பெண்ணுக்குச் சடங்கும் இல்லை, பென்ஷனும் இல்லை.

பென்ஷன் என்று வந்துவிட்டால் அது முழுக்கக் காகிதத்தின் உலகம். ராணுவப் பதிவேட்டில் சிப்பாய் எழுதிவைத்த வாரிசு யார்? சேர்ந்தபோது கல்யாணம் ஆகாதவன் தாயின் பெயரையோ தகப்பன் பெயரையோ எழுதியிருப்பான். பிறகு கல்யாணம் செய்துகொண்டு, பதிவை மாற்றாமலே போய் இறந்திருப்பான். மாமியாரும் மருமகளும் ஒரே பென்ஷனுக்கு மனுப் போடும் நிலைமை இப்படித்தான் உண்டாகிறது. கைநாட்டு வைக்கும் பெண்ணுக்கும் ரெஜிமென்ட் அலுவலகத்துக்கும் நடுவே மனு எழுதுபவரிலிருந்து தாசில்தார் வரை எத்தனை ஆட்கள்!

1919இல் அமைந்த இந்தியச் சிப்பாய்கள் வாரியமும் மாவட்ட வாரியங்களும் இந்த நடுவழியைச் சுருக்கத்தான் வந்தன. இன்றைய கேந்திரிய சைனிக் வாரியமும், நம் மாவட்டத் தலைநகரங்களில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களும் அதன் வாரிசுகள். பள்ளியில் டிசம்பர் 7 அன்று கொடியைக் குத்திக்கொண்டு காசு போட்டவர்கள், 1949 முதல் நடந்துவரும் கொடி நாள் நிதிக்குக் கொடுத்தார்கள். போர்க்காலத்தில் ஆள்சேர்ப்புக்காக எழுந்த வாரியமே போர் முடிந்ததும் இந்த நலவாரியமாக மாறியது என்பதைக் கவனிக்க வேண்டும். ஊருக்குத் திரும்பிய பல லட்சம் பேர் அதிருப்தியோடு இருப்பது அரசுக்கு ஆபத்து. பஞ்சாபில் 1919இல் நடந்தவற்றை நினைத்தால் அந்தப் பயம் பொய்யல்ல.

கை கால் இழந்து வந்தவர்களுக்குத் தொழில் கற்பிக்க 1917இல் லேடி வில்லிங்டன் பம்பாயில் குயின் மேரி தொழிற்பள்ளியைத் தொடங்கினார். பிறகு அது புனேக்கு அருகே கிர்க்கிக்கு இடம் மாறி இன்றும் நடக்கிறது. செயற்கைக் கால் விஷயத்தில் நெடுங்காலம் ஒரு பிழை நீடித்தது. மேற்கில் செய்த கால் பூட்ஸ் போட்டு நடப்பவருக்கும் நாற்காலியில் உட்காருபவருக்கும் ஆனது. சம்மணமிட்டு உட்கார, குந்த, சேற்றில் இறங்க, செருப்பில்லாமல் நடக்க உதவாது. உழவனாகப் போய்க் காலை இழந்து வந்தவனுக்கு அது மூலையில் சாத்திவைக்கும் பொருள். ராணுவத்தின் செயற்கை உறுப்பு மையம் 1944இல் புனேயில் ஏற்பட்டது. ஆனால் குந்தி உட்காரவும் வரப்பில் நடக்கவும் ஏற்ற ரப்பர்க் கால் 1960களின் இறுதியில், ஜெய்ப்பூரில், கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் சேத்தியும் சேர்ந்த முயற்சியில்தான் வந்தது. 1980களில் போர் சூழ்ந்த யாழ்ப்பாணத்தில் அதே ஜெய்ப்பூர்க் காலைச் செய்ய ஒரு மையம் எழுந்தது.

விதவைகள் பற்றிய விதிகள் இவற்றைவிட மெதுவாக நகர்ந்தன. வீட்டுப் பணம் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்ற கிராமத்து நியாயம் அப்படியே அரசாணைக்குள் ஏறி உட்கார்ந்தது. மறுமணம் செய்துகொண்டால் சலுகை போய்விடும். இறந்தவனின் தம்பியையோ அண்ணனையோ கட்டிக்கொண்டால் போகாது. சுதந்திர இந்தியாவில் வீரப் பதக்கம் பெற்று இறந்தவரின் மனைவிக்கான மாதப்படிக்கும் இந்த நிபந்தனை இருந்தது. கணவனின் சகோதரனைத் தவிர வேறு யாரை மணந்தாலும் படி நின்றுவிடும். பாதுகாப்பு அமைச்சகம் அந்த நிபந்தனையை நீக்கியது 2017 நவம்பரில்.